மனைவி எஞ்சின் படித்த வருசம்

என் மனைவி எஞ்சின் திருத்தப் படிக்கப் போனபோது எங்கள் மகளுக்கு எட்டு மாதம். பிள்ளை போத்தில் பால் குடிக்கமாட்டாள். மாப்பால் கரைத்து வாயில் வைத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிவிடுவாள். அதனால் மத்தியானத்தில் பிள்ளையைத் தாயிடம் கொண்டுபோவது என் வேலையாயிற்று.

அதற்கு முந்திய வருசம்வரை நான் கடலுக்குப் போனவன். பருத்தித்துறைக் கரையில் சொந்தமாய் ஒரு சின்ன வள்ளமும் எஞ்சினும் வைத்திருந்தேன். வாடைக்காலத்தில் ஒருநாள், கடல் ஏறி வருகிறது என்று எல்லாரும் வள்ளங்களை அவசரமாக மேலே இழுத்தபோது எங்கள் வள்ளம் புரண்டு என் முதுகில் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "நடக்கலாம், இருக்கலாம், பிள்ளை தூக்கலாம். வள்ளம் தள்ளக்கூடாது. வலை இழுக்கக்கூடாது," என்றார். என் மனைவி நிறைவயிற்றோடு பக்கத்தில் நின்றதால்தான் பிள்ளை தூக்கலாம் என்றதையும் சேர்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு மற்றவர்களின் தயவில் வீடு நடந்தது. அண்ணன்மார் கறிக்கு மீன் கொடுத்துவிட்டார்கள். மீனவர் சங்கத்தால் அரிசியும் சீனியும் வந்தன. நான் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தேன். அதுவும் கொஞ்சநேரந்தான். முதுகு விடாது.

பிள்ளையை நிறுக்கிற கிளினிக்குக்கு மாதாமாதம் போவோம். அங்கே மருத்துவமாது, பிள்ளையை நிறுத்து முடித்த தாய்மாரை வாங்கில் இருத்திவைத்து, இலவசப் பயிற்சிகள் தொடங்கப்போகின்றன என்று சொன்னா. படிக்கிற காலத்தில் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. தையலுக்கும் அழகுக்கலைக்கும் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள்.

"வேறை என்ன இருக்கு, மிஸ்?" என்று என் மனைவி கேட்டா.

"எஞ்சின் திருத்திற வகுப்பு இருக்கு. வள்ளத்து எஞ்சின், தண்ணி இறைக்கிற மிசின், உதுகள். அது பெடியளுக்குத்தான்."

"பெடியளுக்கு மட்டும் எண்டு போட்டிருக்கோ?"

மருத்துவமாது கையிலிருந்த கடதாசியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தா. "அப்பிடிப் போடேல்லை."

"அப்ப என்ரை பேரைச் சேருங்கோ."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவதான் பேசினா. "இஞ்சருங்கோ, எங்கடை கரையிலை எத்தினை எஞ்சின் கிடக்கு. பழுதாகாத எஞ்சின் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"ஒண்டும் இல்லை," என்றேன்.

"அப்ப ஏன் யோசிக்கிறியள்?"

"பிள்ளையை யோசிக்கிறன்."

"பிள்ளைக்குத்தான் நீங்கள் இருக்கிறியளே," என்றா. அதை அவ சொன்ன விதத்தில் எந்தக் குத்தலும் இருக்கவில்லை. அரிசி இருக்கிறது, விறகு இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னா.

பயிற்சி நிலையம் பழைய கூட்டுறவுக் களஞ்சியம் ஒன்றில் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு தூரமில்லை. பிள்ளையைத் தோளில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போவேன். முதல்நாள் காவலாளி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பிள்ளைகள் உள்ளே வரக்கூடாதாம். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தா. எதிரே பூட்டிக்கிடந்த கடையின் விறாந்தையில் இருந்து பால் கொடுக்கப் பார்த்தா. கையில் இருந்த மண்ணெண்ணெய் மணத்துக்குப் பிள்ளை முகத்தைச் சுழித்துக்கொண்டு குளறினாள். இடைவேளை முடிந்து மணி அடிக்கும் மட்டும் குளறினாள். மனைவி கண் கலங்கியபடியே திரும்பி உள்ளே போனா. நான் பசியோடு இருந்த பிள்ளையைப் பிராக்குக் காட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அடுத்த நாள் அவ தேங்காயெண்ணெயும் சீனியும் ஒரு சின்னப் போத்திலில் கலந்து கொண்டுபோனா. அதைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தா. பிள்ளை குடித்தாள். சில கிழமைகளில் கழுவத் தேவையே இல்லாமல் போயிற்று. மண்ணெண்ணெய் மணத்தோடு வருகிறவள்தான் அம்மா என்று பிள்ளைக்குப் பழகிவிட்டது.

மழை தொடங்கியதும் அந்த விறாந்தையில் இருக்க முடியவில்லை. தூவானம் பிள்ளையின் தலையில் அடித்தது. படிப்பிக்கிற சேர் ஒருநாள் யன்னலால் அதைக் கண்டுவிட்டு வெளியே வந்தார். அதிகம் கதைக்காத மனிசன். "பின்னாலை சாமான் அறை இருக்கு," என்றார். "பிள்ளையள் வகுப்புக்கை வரப்படாது எண்டுதான் எனக்குச் சொன்னவை. சாமான் அறையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை."

காவலாளி கேற்றைத் திறந்தார். பழைய டயர்களுக்கும் இரும்புத் துண்டுகளுக்கும் நடுவில் ஒரு வாங்கு போட்டிருந்தது. அதில் இருந்துதான் என் மகள் அந்த மாரிகாலம் முழுவதும் பால் குடித்தாள். நான் வாசல்படியில் இருப்பேன். அவ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்லுவா. எஞ்சின் சூடேறாமல் தண்ணீரை இழுத்து ஓடவிடுகிற ரப்பர் விசிறியைப் பற்றி, உப்பு அடைத்த குழாயைப் பற்றி. நான் அத்தனை வருசம் எஞ்சினை ஓட்டியவன். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவ சொல்லித்தான் கேட்டேன். கேட்க நல்லாயிருந்தது. எங்கள் வீட்டில் கனகாலமாக வலியைப் பற்றியும் வாங்கவேண்டிய சாமானைப் பற்றியும் மட்டுமே கதை நடந்துகொண்டிருந்தது.

அந்த வகுப்பில் இன்னொரு பெண்ணும் இருந்தா. கொடிகாமத்துப் பக்கம், தோட்டம் செய்கிற குடும்பம். புருசன் வெளிநாடு போனவர், கொஞ்சநாளில் போன் எடுக்கிறதை நிறுத்திவிட்டார். தோட்டத்துத் தண்ணி மிசின் பழுதானால் திருத்த ஆள் தேடிக் காத்திருக்கும்போது வெங்காயம் காய்ந்துபோகுது என்றுதான் படிக்க வந்தவ. அவவுக்கு நான்கு வயதில் ஒரு மகள். பக்கத்துவீட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தா. இரண்டாம் மாதம் பக்கத்துவீட்டுக்காரி ஏதோ காரணத்தால் இனி ஏலாது என்று சொல்லிவிட, அவ வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டா.

ஒரு கிழமை பார்த்துவிட்டு என் மனைவி சொன்னா: "அவவின்ரை கதிரை சும்மா கிடக்கிறதைப் பாக்க எனக்குப் படிக்க மனம் வரேல்லை."

"பிள்ளையைக் கொண்டுவந்து எங்கடை வீட்டிலை விடச்சொல்லும்," என்றேன்.

அவ போன் எடுத்துக் கொடுத்தா. மறுபக்கத்தில் அந்தப் பெண், "அண்ணை, உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?" என்றா.

"தங்கச்சி, ஒண்டைப் பாக்கிறவனுக்கு இரண்டைப் பாக்கிறது பெரிய கரைச்சலில்லை. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். சிறுமி எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னையும் என் தோளில் கிடந்த பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்கு நீங்கள் அம்மாவோ?" என்று கேட்டாள். இல்லை, அப்பா என்றேன். அப்பாமார் வீட்டில் நிற்பார்கள் என்பது அவளுக்குப் புதினமாக இருந்தது. அன்று முழுக்க, மத்தியானம் நிலையத்துக்குப் போனபோதும், என் பின்னாலேயே திரிந்தாள். நான் சோறு வடிப்பதையும் துணி காயப்போடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் தாய் வந்து கூப்பிட்டபோது, "மாமா நாளைக்கும் நிப்பாரோ?" என்று தாயிடம் கேட்டாள்.

கரையில் பகிடி பண்ணத்தான் செய்தார்கள். "என்ன, பாலர் பள்ளிக்கூடம் திறந்திட்டியோ?" என்று கேட்பார்கள். ஓம், உங்கடை பிள்ளையையும் கொண்டுவந்து விடுங்கோ என்பேன். பகிடி பண்ணியவர்களே பெட்டியிலிருந்து நல்ல மீனாய் ஒன்றைப் பொறுக்கி, பிள்ளைகளுக்கு அவித்துக்கொடு என்று தந்துவிட்டுப் போவார்கள்.

படிப்பு பாதியைத் தாண்டியபோது மனைவி ஒன்று கேட்டா. கொட்டிலில் சாக்கால் மூடிக்கிடந்த எங்கள் எஞ்சினைக் கழற்றிப் பார்க்கலாமா என்று. என் முதுகு போன நாளோடு அதுவும் நின்றுபோனது. அன்று அதற்குள்ளும் உப்புத்தண்ணி போய்விட்டது. பழைய இரும்பு விலைக்குக் கொடுக்க நினைத்திருந்தேன்.

"அது இனிச் சரிவராது," என்றேன்.

"சரிவராட்டியும் எனக்குப் பழக ஒண்டு வேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் சாக்கை விரித்து அதைப் பிரித்தா. பிரித்த ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தா. எங்கே மறையாணி இறுகிக்கிடந்ததோ அங்கே தட்டாமல், எண்ணெய் விட்டுவிட்டு அடுத்த ஞாயிறுவரை பொறுத்திருந்தா. வேண்டிய சாமான்களில் சிலவற்றைச் சேர் பழைய எஞ்சின்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதன் விளிம்பில் பூட்டி, கயிற்றை இழுத்தா. அது ஒருமுறை இருமிவிட்டு நின்றது. திரும்ப இழுத்தா. எத்தனை தரம் இழுத்தா என்று தெரியாது. சட்டென்று அது பிடித்துக்கொண்டது. பீப்பாய்த் தண்ணி பொங்கி முற்றமெல்லாம் தெறித்தது. அன்று தாயோடு பார்க்க வந்திருந்த கொடிகாமத்துச் சிறுமி கைதட்டினாள். என் மகள் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன். அது என் எஞ்சினின் சத்தந்தான், எனக்குத் தெரியாதா. இருட்டோடு எழும்பிப் போய், விடிந்ததும் கரை தெரிய வரும்போது கேட்கிற சத்தம். எனக்கு அழுகை வந்தது. மனைவி எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. கொஞ்சநேரம் கழித்து, "சின்னண்ணைக்குக் குடுப்பமோ? மீனிலை எங்களுக்கொரு பங்கு தந்து ஓடட்டும். உங்களுக்கும் கடலுக்குப் போன மாதிரி இருக்கும்," என்றா.

ஓம் என்றேன். இப்போதும் அதை என் சின்னண்ணன்தான் ஓட்டுகிறார். கரைக்கு வரும்போது சத்தம் வீட்டுக்குக் கேட்கும்.

படிப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது சேர் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். இந்தப் பயிற்சி வெளியிலிருந்து வந்த ஒரு திட்டத்தின் காசில் நடப்பது. திட்டம் முடிகிறது. அரசாங்கம் பொறுப்பெடுத்தால் நடக்கும், இல்லாவிட்டால் இவர்களோடு பூட்டு. அன்று மனைவி வந்ததும் கை கழுவாமலே வாசல்படியில் இருந்துவிட்டா. எங்கள் கரைப்பெண்கள் சிலர் அடுத்த முறை தங்களையும் சேர்த்துவிடச் சொல்லி அவவிடம் கேட்டிருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் என்று சொல்லியிருந்தா.

பிரதேச செயலகத்தில் நடக்கிற ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இதைக் கதைக்கலாம் என்று மீனவர் சங்கத்தலைவர் சொன்னார். யாராவது வந்து கதைத்தால், கதையைத் தான் எடுத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். நான் மனைவிதான் போவா என்று நினைத்தேன்.

"நீங்கள் போங்கோ," என்றா.

"நானோ? நான் என்னத்தைக் கதைக்கிறது? படிச்சது நீர்."

"அதுதான். நான் கதைச்சா எனக்காகக் கேக்கிறன் எண்டு நினைப்பினம். எனக்குப் படிப்பு முடியுது. நீங்கள் வீட்டிலை நிண்டு கண்டதைச் சொல்லுங்கோ. அதை வேறை ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

கொடிகாமத்துத் தங்கச்சி தானும் வருவதாகச் சொன்னா. சேரும் வந்தார். மண்டபம் நிறைய ஆட்கள். வீதி, வாய்க்கால், தெருநாய், மைதானம் என்று கதை போய்க்கொண்டே இருந்தது. எங்கள் விசயம் வரும்போது பாதிப்பேர் எழும்பிப் போய்விட்டார்கள். கூட்டத்தலைவர் நல்ல மனிதர்தான். களைத்திருந்தார். "பயிற்சி நல்லதுதான். ஆர் இல்லையெண்டது? ஆனா பள்ளிக்கூடத்துக் கூரைக்கே காசில்லாமல் இருக்கிறம்," என்றார்.

சங்கத்தலைவர் என்னைக் கையால் தொட்டார். எழும்பினேன். மைக்கைத் தந்தார்கள். என்னுடைய மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

"ஐயா, நான் இந்த வகுப்பிலை படிக்கேல்லை. என்ரை மனிசி படிக்கிறா. நான் பிள்ளை பாத்தனான்," என்று தொடங்கினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். "எனக்கு முதுகு போனபிறகு கனபேர் உதவினவை. அரிசி தந்தவை. அது இல்லாட்டி நாங்கள் இல்லை. ஆனா அரிசி முடியிற நேரம் வீட்டிலை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கேலாது. இப்ப என்ரை மனிசி விடிய எழும்பி, தலை இழுத்துப் பின்னி, நேரத்துக்கு வெளிக்கிட்டுப் போறா. வந்து எனக்கு எஞ்சின் கதை சொல்லுறா. எங்கடை வீட்டிலை இப்ப நாளைக்கு எண்டு ஒரு கதை இருக்கு. அதுதான் நான் கண்டது. கூரைக்குக் காசு வேணும், அது எனக்கும் தெரியும். ஆனா இதை நிப்பாட்டினா நிண்டது தெரியாமலே போயிடும், ஐயா. கூரை ஒழுகினா எல்லாருக்கும் தெரியும். படிக்க வராமல் போனவையை ஒருத்தருக்கும் தெரியாது."

"மனிசிமார் வீட்டை நிண்டா இந்தப் பிரச்சினை வராதே," என்று ஒரு குரல் வந்தது. மண்டபம் சிரித்தது.

"நிண்டவதான்," என்றேன். "நிண்டுதான் அரிசிக்குக் காத்திருந்தனாங்கள்."

மைக்கைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். அவ எழும்பி நின்று நேரே பார்த்துக்கொண்டு கதைத்தா. "நான் இடையிலை ஒரு கிழமை வகுப்புக்கு வராமல் நிண்டனான். பாடம் விளங்காமல் இல்லை, பிள்ளையை விட இடமில்லாமல். இந்த அண்ணையின்ரை மனிசி அந்த வகுப்பிலை இல்லாட்டி என்ரை படிப்பு அவ்வளவுதான். எல்லாருக்கும் இப்பிடி ஒரு அண்ணை கிடைக்காது. அதாலைதான் கேக்கிறம். வகுப்பையும் நடத்துங்கோ. பிள்ளையளைப் பாக்க ஒரு அறையும் ஒரு ஆளும் தாங்கோ."

மேசையின் ஓரத்தில் இருந்த திட்டமிடல் அதிகாரி, ஒரு பெண், அதுவரை எழுதிக்கொண்டிருந்தவ. "அறை இருக்கோ?" என்று சேரிடம் கேட்டா.

"சாமான் அறை ஒண்டு இருக்கு, மிஸ். ஒதுக்கித் தரலாம்."

"யன்னல் இருக்கோ?"

"இருக்கு."

அவ தலையாட்டினா. கூட்டத்தலைவர் பார்ப்போம் என்றார். அவ்வளவுதான். அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றா. என்ன கதைத்தீர்கள் என்று கேட்டா. கதைத்ததில் பாதி எனக்கு மறந்துபோயிருந்தது. நீர் தலை இழுத்து வெளிக்கிட்டுப் போறதைச் சொன்னேன் என்றேன். "ஐயோ, அதையும் சொன்னனீங்களோ?" என்று முகத்தைப் பொத்திக்கொண்டா. கைவிரல்களுக்கு நடுவால் சிரித்தது தெரிந்தது.

அந்த வாடைக்காலம் முழுவதும் நிலையம் பூட்டிக்கிடந்தது. படிப்பு முடிந்த என் மனைவி எங்கள் கொட்டிலில் வேலையைத் தொடங்கினா. வள்ளங்கள் கரையில் ஏறியிருக்கிற காலம், எஞ்சின் திருத்துகிற காலம். வருகிறவர்கள் என்னிடந்தான் கேட்பார்கள்: "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோவன்." நானில்லை, அவதான் என்று கையைக் காட்டினால் சிலர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். போகாமல் நின்ற ஒருவர், பிறகு எஞ்சின் நல்லாய் ஓடுது என்று கரையெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் முற்றத்தில் எஞ்சின் இல்லாத நாள் குறைவு. நான் இருந்தபடியே சாமான்களைக் கழுவிக் கொடுப்பேன். கொடிகாமத்துத் தங்கச்சி ஒரு பழைய ஸ்கூட்டியில் தோட்டம் தோட்டமாய்ப் போய்த் தண்ணி மிசின் திருத்துகிறா.

மாரி கழிந்து நிலையத்தைத் திறந்தார்கள். மாகாணத்துக் காசில் ஒரு வருசத்துக்கு. பஸ் காசு தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும். சாமான் அறையை ஒதுக்கி வெள்ளையடித்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்கிற வேலையை நான் கேட்டுப் போனேன். முன்பள்ளிப் பயிற்சி முடித்தவர் வேண்டுமென்றார்கள். அது சரியான விதிதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து, கழுவவேண்டிய சாமான்களைத் தொடாமல் கதிரையில் இருந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "உங்களைத் தெரிஞ்சிருந்தா விதியை மாத்தி எழுதியிருப்பினம்," என்றா. அது பொய் என்று இருவருக்கும் தெரியும். தேத்தண்ணி நல்லாயிருந்தது. வேலைக்கு எடுத்த பெண்பிள்ளை கெட்டிக்காரி. அங்கே இப்போது பாய், தொட்டில், விளையாட்டுச் சாமான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வருசம் முடியத் திரும்பவும் கேட்கவேண்டி வந்தது. இந்தமுறை யாழ்ப்பாணத்துக்கு, மாகாணக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். போனமாதம் நடந்தது. மகளைச் சின்னண்ணை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனோம். மனைவிதான் கதைத்தா. மெதுவான குரல், ஆனால் தடுமாறவில்லை. "பெட்டையள் என்னட்டை வந்து, அக்கா அடுத்த வருசமும் இருக்குமோ எண்டு கேக்கினம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. பள்ளிக்கூடம் அடுத்த வருசம் இருக்குமோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. இதையும் அப்பிடி ஆக்கித் தாங்கோ," என்றா.

இன்னும் ஒரு வருசத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். நிரந்தரமாக்குவது பற்றி மேலிடத்துக்கு எழுதுவார்களாம். வெளியே வந்து ஒரு கடையில் தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டோம். பருத்தித்துறை பஸ்ஸில் யன்னல் பக்கம் அவவுக்குக் கிடைத்தது. நெல்லியடி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டா. அவவுடைய நல்ல சேலையில் யன்னல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட வந்ததும் தானாகவே விழித்தா. "நான் சரியாய்க் கதைச்சனானோ?" என்று கேட்டா.

"ஓம்," என்றேன். "வடிவாய்க் கதைச்சனீர்."